ஜாக் இல்லாத போனும் ஒயர் ஹெட்போனும்: எந்த அடாப்டர் வாங்கலாம்?

சென்னை ரிச்சி தெருவில் 150 ரூபாய்க்கு ஒரு டைப்-சி அடாப்டர் வாங்கினேன். ஒரு முனையில் டைப்-சி, மறுமுனையில் பழைய உருண்டை ஜாக் செருகும் துளை, நடுவில் ஒரு சாண்கூட இல்லாத வெள்ளை ஒயர். "ஒர்க் ஆகுமாண்ணே?" என்று கேட்டதும் கடைக்காரர் தன் போனிலேயே மாட்டி, இயர்போனை என்னிடம் நீட்டினார். கணீரென்று பாட்டு வந்தது. காசைக் கொடுத்துவிட்டுத் தெருமுனை டீக்கடையில் நின்றபடி என் போனில் மாட்டினேன். இயர்போன் ஊமையாகிவிட்டது. பாட்டு போன் ஸ்பீக்கரில் ஓடி, டீக்கடை முழுக்கக் கேட்டது. திரும்பிப் போனால், "உங்க போன்ல ஏதோ செட்டிங்ஸ் சார்" என்றார்.

செட்டிங்ஸ் எதுவும் இல்லை. போனிலும் பழுதில்லை, அடாப்டரிலும் பழுதில்லை. பொருத்தம் பார்க்காமல் முடித்த கல்யாணம், அவ்வளவுதான். அது எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. அதற்குள் இன்னொரு 200 ரூபாய் அதே மாதிரி இன்னொரு அடாப்டருக்குப் போய்விட்டது.

கையில் நல்ல ஒயர் ஹெட்போன் இருக்கிறது, புதுப் போனில் அதற்குத் துளை இல்லை, என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 100 ரூபாயிலிருந்து 10,000 ரூபாய் வரை வழிகள் இருக்கின்றன. எது நன்றாக ஒலிக்கும் என்று பார்ப்பதற்கு முன்னால் வேறு இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் போனின் டைப்-சி துளையிலிருந்து என்ன வெளியே வருகிறது? அந்த ஹெட்போனை நீங்கள் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி வழிகள் தானாகவே அடிபட்டுப் போகும்.

அதற்கு முன் கொஞ்சம் பழங்கதை. 3.5 மி.மீ. ஜாக்கை வீதிக்குக் கொண்டுவந்தது 1979-இல் வந்த சோனி வாக்மேன். அதன் அண்ணனான 6.35 மி.மீ. பெரிய பின்னோ 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. தொலைபேசி இணைப்பகங்களில் ஆபரேட்டர்கள் செருகிப் பிடுங்கிய அதே பின்தான். இவ்வளவு பழைய பரம்பரை கொண்ட ஜாக்கை 2016 செப்டம்பரில் ஐபோன் 7-இலிருந்து ஆப்பிள் எடுத்தபோது, மேடையில் அதன் சந்தைப்படுத்தல் தலைவர் பில் ஷில்லர் சொன்ன காரணம் ஒரே சொல்: தைரியம். உலகமே சிரித்தது. அடுத்த மாதம் தன் முதல் பிக்சலை விளம்பரப்படுத்திய கூகுள், எங்களிடம் பழைய ஜாக் அப்படியே இருக்கிறது என்று குத்திக் காட்டியது. 2017-இல் பிக்சல் 2 வந்தபோது அதில் ஜாக் இல்லை. கிண்டல் செய்த சாம்சங்கும் 2019-இல் நோட் 10-இலிருந்து அதைக் கழற்றியது. இன்று கொஞ்சம் விலை கூடிய போன் என்றாலே ஜாக் இருக்காது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, என் 150 ரூபாய் விஷயத்துக்கு வருகிறேன்.

போனுக்குள் பாட்டு எண்களாக இருக்கிறது. காதுக்குப் போக வேண்டியது ஏறி இறங்கும் மின்னலை. எண்ணை அலையாக மாற்றும் சில்லுக்கு டாக் என்று பெயர். ஜாக் இருந்த போன்களில் இந்த வேலை உள்ளேயே முடிந்து, துளையில் தயார் அலை வந்து நிற்கும். டைப்-சி துளையில் இரண்டு விதமாக நடக்கலாம். சில போன்கள், வழக்கமாகத் தரவு போகும் இரண்டு கம்பிகளையே இரவல் வாங்கி, இடது காது அலையையும் வலது காது அலையையும் அவற்றின் வழியே அனுப்பும். அப்படிப்பட்ட போனுக்கு அடாப்டர் என்பது வெறும் ஒயர். உள்ளே சில்லு எதுவும் வேண்டாம். அதனால்தான் 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 2018-இல் வந்த ஒன்பிளஸ் 6டி, ஹுவாவே பி20 போன்றவை இந்த வகை. கடைக்காரரின் போனும் அப்படி ஏதோ ஒன்றாக இருந்திருக்கும்.

மற்ற போன்கள் அலையை அனுப்பாது, எண்களை மட்டும்தான் அனுப்பும். சாம்சங்கின் மேல்வரிசை போன்களும், 2023-இல் டைப்-சிக்கு மாறிய ஐபோன் 15-உம் அதற்குப் பின் வந்தவையும் இந்தக் கூட்டம். இவற்றில் மாட்டும் அடாப்டருக்குள்ளேயே டாக் சில்லு இருந்தாக வேண்டும். டைப்-சி முனையின் மூடிக்குள்ளோ, சில வகைகளில் தனியாகத் தெரியும் சின்னப் பெட்டிக்குள்ளோ அது உட்கார்ந்திருக்கும். வெறும் ஒயரை மாட்டினால் போனைப் பொறுத்தவரை அங்கே எதுவும் மாட்டப்படவே இல்லை. என் இயர்போன் ஊமையானது இதனால்தான்.

கொடுமை என்னவென்றால் இரண்டு வகையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதே வெள்ளை ஒயர், அதே நீளம். அட்டையில் "எல்லா டைப்-சி போன்களுக்கும்" என்று இரண்டிலும் போட்டிருப்பார்கள். டாக் இருப்பதில் பெரும்பாலும் அதைத் தனியாகக் குறிப்பிட்டிருப்பார்கள், 24 பிட், 48 அல்லது 96 கிலோஹெர்ட்ஸ் என்று ஏதாவது எண்ணும் இருக்கும். அட்டையை நம்ப மனமில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. டைப்-சி துளை உள்ள லேப்டாப்பில் அடாப்டரைச் செருகிப் பாருங்கள். ஒலிச் சாதனங்களின் பட்டியலில் புதிதாக ஒரு பெயர் முளைத்தால் உள்ளே சில்லு இருக்கிறது. எதுவும் முளைக்கவில்லை என்றால் அது வெறும் ஒயர். என் 150 ரூபாயும் 200 ரூபாயும் இந்தச் சோதனையில் தோற்றன. இதை முதலிலேயே செய்யாமல் விட்டதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

டாக் உள்ள அடாப்டர் அநேகமாக எல்லாப் போனிலும் வேலை செய்யும். வெறும் ஒயர் சில போன்களில் மட்டும் வேலை செய்யும். எனவே உங்கள் போன் எந்த வகை என்று உறுதியாகத் தெரியாதவரை வெறும் ஒயர் அடாப்டரை வாங்குவதில் எந்த லாபமும் இல்லை. அதில் மிச்சமாகும் 500 ரூபாய், அடுத்த போன் வாங்கும்போது குப்பைக்குப் போகும் 500 ரூபாய்.

ஒரு சின்னத் துணைத்தகவல். டாக் அடாப்டரை மாட்டியும் சத்தம் வரவில்லை என்றால் உடனே அதைத் திட்டாதீர்கள். ஓப்போ, ரியல்மி, விவோ போன்றவற்றில் பல மாடல்களில் ஓ.டி.ஜி. என்று ஒரு பொத்தான் செட்டிங்ஸில் இருக்கும். அது அணைந்திருந்தால் வெளியிலிருந்து மாட்டும் எதையும் போன் கண்டுகொள்ளாது. போட்டுவிட்டாலும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தானாக அணைந்துகொள்ளும். (கடைக்காரர் சொன்ன "ஏதோ செட்டிங்ஸ்" இதுவாக இருக்கலாம். நியாயமாகப் பேசினால் அவர் முழுக்கப் பொய் சொல்லவில்லை.)

டாக் உள்ளதுதான் வேண்டும் என்று முடிவாகிவிட்டால், அடுத்து சின்னதா பெரியதா என்ற கேள்வி.

சின்னது என்றால் போன் நிறுவனங்களே விற்கும் வால் மாதிரியான அடாப்டர். ஆப்பிள், சாம்சங், கூகுள் மூன்று பேரும் விற்கிறார்கள். ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் இருக்கும். அவற்றில் ஆப்பிளின் டைப்-சி அடாப்டருக்கு ஒலிப்பிரியர்களிடையே ஒரு தனி மரியாதை உண்டு. அமெரிக்காவில் 9 டாலருக்கு விற்கும் பொருளில் இவ்வளவு சுத்தமான ஒலியா என்று அளந்து பார்த்தவர்களே வியந்தார்கள். நானும் பல மாதம் பயன்படுத்தியிருக்கிறேன். பாட்டு நிற்கும் இடைவெளியில் ஹெட்போனில் இரைச்சலே இல்லை. பழைய போன்களின் ஜாக்கில் கேட்ட அந்த மெல்லிய "ஸ்ஸ்ஸ்" கூட இல்லை.

ஆனால் இதில் ஒரு பொடி வைத்திருக்கிறது. ஐபோனிலும் லேப்டாப்பிலும் முழுச் சத்தம் தரும் இதே அடாப்டர், பல ஆண்ட்ராய்டு போன்களில் பாதிச் சத்தம்தான் தரும். அடாப்டருக்குள் தனியாக ஒரு ஒலியளவு உண்டு. அதை ஆண்ட்ராய்டு முழுசாக ஏற்றிவிடாமல் அப்படியே விட்டுவிடுகிறது. போனில் வால்யூம் கோடு உச்சத்தில் நிற்கும், காதில் சத்தம் முனகும். அடாப்டரோடு நேரடியாகப் பேசும் தனி இசைச் செயலிகளில் இதைச் சரிக்கட்டலாம். யூடியூபுக்கும் மற்ற செயலிகளுக்கும் அந்த வழி உதவாது. ஆகவே ஆண்ட்ராய்டு வைத்திருப்பவருக்கு ஆப்பிள் அடாப்டரை நான் சொல்ல மாட்டேன். சாம்சங் அல்லது கூகுள் அடாப்டர் எடுத்துக்கொள்ளலாம். விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

இன்னொன்று, வெளிநாட்டு உறவினரிடம் சொல்லி வாங்குபவர்களுக்கு. ஆப்பிள் அடாப்டர் அமெரிக்காவில் விற்பது சுமார் 1 வோல்ட் வரை தரும். ஐரோப்பாவில் விற்பது அதில் பாதிதான். காதைக் காக்கும் அங்கத்திய ஒலி வரம்பு காரணம். பாரிஸிலிருந்து மச்சான் ஆசையாக வாங்கி வந்ததை ஆண்ட்ராய்டில் மாட்டினால் இரண்டு குறையும் சேர்ந்து, பக்கத்து அறையில் யாரோ முணுமுணுப்பது போலக் கேட்கும்.

பெரியது என்றால் டாங்கிள், அதாவது கூடுதல் சக்தி தரும் டாக் அடாப்டர். அது யாருக்குத் தேவை? இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். ஹெட்போன் பெட்டியில் ஓம் என்று ஒரு எண் இருக்கும். மின்சாரத்தை அந்த ஹெட்போன் எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு அது. சாதாரண இயர்போன்கள் 16 அல்லது 32 ஓம். ஸ்டுடியோக்களில் அதிகம் பார்க்கும் ஆடியோ-டெக்னிக்கா எம்50எக்ஸ் 38 ஓம். சென்ஹைசர் எச்டி 600 போன்றவை 300 ஓம். ஒரு வோல்ட் தரும் சின்ன அடாப்டர் 32 ஓம் இயர்போனுக்குள் சுமார் 31 மில்லிவாட் தள்ளும். காது கிழிய அது தாராளம். அதே ஒரு வோல்ட் 300 ஓமுக்குள் போனால் 3 மில்லிவாட் சொச்சம். பாட்டு கேட்காமல் போகாது. அமைதியான அறையில் மிதமான சத்தத்துக்குப் போதும் என்றே சொல்வேன். ஆனால் மெல்லத் தொடங்கித் திடீரென்று எழும் இசையில், தவில் தனி மாதிரி, அந்த எழுச்சி அடக்கி வாசித்தது போல் ஆகிவிடும். உங்களிடம் 80 ஓமுக்கு மேல் ஹெட்போன் இருந்தால், அல்லது 250 ஓம் பேயர்டைனமிக் மாதிரி ஏதாவது இருந்தால், ஃபியோ, மூன்டிராப் போன்றவர்கள் விற்கும் பெரிய டாங்கிள் பக்கம் போகலாம். 2,500 ரூபாயிலிருந்து தொடங்கும். மேலே எல்லையே இல்லை.

32 ஓம் இயர்போன் வைத்துக்கொண்டு 8,000 ரூபாய் டாங்கிள் வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தம்தான். அந்த 8,000 ரூபாயை அப்படியே ஹெட்போனில் போட்டால் வித்தியாசம் முதல் நிமிடத்திலேயே தெரியும். டாங்கிளில் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தேட வேண்டும். தவிர, பெரிய டாங்கிளுக்கு வேண்டிய மின்சாரம் முழுக்கப் போன் பேட்டரியிலிருந்துதான் போகிறது. சில வகைகள் அரை மணி நேரத்தில் கையில் சூடு தெரியும் அளவுக்குச் சுடும். பேருந்தில் ஏழு மணி நேரம் பாட்டுக் கேட்டபடி ஊருக்குப் போகிறவருக்கு இது உதவாது.

மைக்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பாட்டுக்காக வாங்கிவிட்டு, மறுநாள் காலை அலுவலக மீட்டிங்கில் "உங்க வாய்ஸ் கேக்கல" என்று நான்கு பேர் சொன்ன பிறகுதான் நினைவுக்கு வரும். உங்கள் ஹெட்போன் பின்னை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தங்க நிறத்துக்கு நடுவே கறுப்பு வளையங்கள் தெரியும். இரண்டு வளையம் என்றால் இடது, வலது, பொது என்று மூன்று தொடர்பு மட்டும், மைக் கிடையாது. மூன்று வளையம் என்றால் நான்காவதாக மைக் இருக்கிறது. போன் நிறுவனங்களின் சின்ன அடாப்டர்கள் நான்கையும் எடுத்துக்கொள்ளும். விலை கூடிய, இசைக்கென்றே செய்யப்பட்ட சில டாங்கிள்களில் மைக் இணைப்பே இருக்காது. காசு கூடக் கொடுத்து வசதியைக் குறைத்துக்கொள்ளும் விசித்திரம் இந்தத் துறையில் மட்டும்தான்.

அந்த மூன்றாவது வளையத்தில் இன்னொரு வம்பும் ஒளிந்திருக்கிறது. மைக் எங்கே, பொதுக் கம்பி எங்கே என்பதில் இரண்டு வழக்கங்கள் உண்டு. இன்றைய போன்கள் எல்லாம் ஒரு வழக்கம், பழைய நோக்கியா காலத்து இயர்போன்கள் சில இன்னொரு வழக்கம். தப்பான ஜோடி சேர்ந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். பக்கவாத்தியம் எல்லாம் கேட்கும், பாடகர் மட்டும் கிணற்றுக்குள் போய்விடுவார். நடுவில் பதிந்த குரல் இரண்டு காதிலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைவதுதான் காரணம். மைக் பொத்தானை அழுத்திப் பிடித்தால் பாடகர் திரும்ப வருவார், விட்டால் போய்விடுவார். என் மாமா இதே குறையோடு ஒரு வருடம் ஓட்டியிருக்கிறார். "மியூசிக் நல்லா கேக்குது மாப்ள, பாட்டுதான் சரியில்ல" என்று அந்தக் காலப் பாடகர்களையே குறை சொல்லிக்கொண்டிருந்தார். பின் முழுசாக உள்ளே போகாவிட்டாலும் இப்படி ஆகும். எனவே முதலில் அழுத்திச் செருகிப் பாருங்கள்.

மைக் இருந்தாலும் சில போன்களில் பாட்டும் வாட்ஸாப் பேச்சும் அடாப்டர் வழியாக வந்து, சாதாரண சிம் அழைப்பு மட்டும் போனின் சொந்த ஸ்பீக்கரிலேயே நின்றுவிடும். கடையிலேயே மாட்டி, வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் பேசிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

சார்ஜ் போட்டுக்கொண்டே கேட்க வேண்டும் என்பவர்களுக்கு ஒய் வடிவத்தில், ஒரு துளையில் சார்ஜர், இன்னொன்றில் ஹெட்போன் என்று விற்கிறார்கள். எல்லா வகையிலும் இதில்தான் ஏமாற்றம் அதிகம். உள்ளே டாக்கும் வேண்டும், மின்சாரத்தைப் பேசி வாங்கும் சில்லும் வேண்டும். மலிவு விலையில் இரண்டையும் ஒழுங்காகச் செய்ய முடியாது. பலவற்றில் வேகமாக ஏறும் சார்ஜ் நத்தை வேகத்துக்கு வந்துவிடும். சிலவற்றில் சார்ஜரைச் செருகியதும் காதில் "கிர்ர்" என்று ஒரு ரீங்காரம் தொடங்கும். இன்னும் சிலவற்றில் செருகிய நொடியே பாட்டு அறுந்துபோகும். நான் இரண்டு வாங்கி இரண்டையும் தூக்கிப் போட்டேன். உங்கள் போனில் ஒயர்லெஸ் சார்ஜிங் இருந்தால் ஒய் அடாப்டரை மறந்துவிடுங்கள். சார்ஜிங் தட்டின்மேல் போனை வைத்துவிட்டு டைப்-சியை ஹெட்போனுக்கு விட்டுவிடலாம். அது இல்லாதவர், தினமும் மணிக்கணக்கில் சார்ஜோடுதான் கேட்பேன் என்றால் அடுத்த வழியைப் பார்க்கலாம்.

அது புளூடூத் ரிசீவர். தீப்பெட்டி அளவில் ஒன்று, சட்டைப்பையில் குத்திக்கொள்ளலாம். போன் புளூடூத்தில் அனுப்பும், ரிசீவர் வாங்கி உங்கள் ஒயர் ஹெட்போனுக்குக் கொடுக்கும். ஃபியோவின் பி.டி.ஆர். வரிசை இதில் பலருக்குப் பழக்கம். போனின் துளை விடுதலையாகிறது. ஜாக் உள்ள போனோ இல்லாத போனோ, டைப்-சியோ பழைய ஐபோன்களின் லைட்னிங் துளையோ கவலையில்லை. போனை மேசையில் சார்ஜில் விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போகலாம். மைக்கும் அதிலேயே இருக்கும்.

ஒலி கெட்டுவிடுமே என்று சிலர் பயப்படுவார்கள். புளூடூத்தில் பாட்டைச் சுருக்கித்தான் அனுப்ப முடியும் என்பது உண்மை. ஆண்ட்ராய்டில் எல்டாக் என்ற சுருக்கும் முறை வழியாக நொடிக்கு 990 கிலோபிட் வரை போகும். ஐபோன் அதையெல்லாம் பேசாது, ஏ.ஏ.சி. என்ற முறையோடு நிறுத்திக்கொள்ளும். ரயில் சத்தத்திலும் தெருச் சத்தத்திலும் இந்த வித்தியாசம் எனக்குக் கேட்டதில்லை. கேட்டது தாமதம்தான். புளூடூத் ஒலி சாதாரணமாக ஐந்தில் ஒரு நொடி அளவு பின்தங்கி வரும். படம் பார்க்கும்போது செயலிகள் உதட்டசைவோடு அதைச் சரிசெய்துகொள்ளும். விளையாட்டில் சரிசெய்யாது. சுட்ட பிறகுதான் வெடிச் சத்தம் வரும். சுருதிப் பெட்டிச் செயலியையும் தாளத்தையும் காதில் போட்டுக்கொண்டு பாடிப் பதிவு செய்கிறவர்களுக்கோ இது சுத்தமாக ஆகாது. தாளம் காதுக்கு வருவதே பின்தங்கி, பாட்டு அதற்கும் பின்னால் விழும். அவர்களுக்கு ஒயர்தான், வேறு பேச்சில்லை. அப்புறம், சார்ஜ் செய்ய இன்னொரு பொருள் வீட்டில் கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஒயர்லெஸ் இயர்பட்டை வேண்டாம் என்றவர்கள் வேண்டாம் என்று சொன்ன காரணமே அதுதானே.

டைப்-சி முனையோடு வரும் இயர்போனை வாங்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். கையில் நல்ல ஹெட்போன் எதுவும் இல்லாதவருக்கு அதுதான் சரி. அடாப்டர் என்று தனியாகத் தொலைய ஒரு பொருள் இல்லை, மைக் உண்டு, ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். இதிலும் டாக் உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒயர் அறுந்தால் டாக்கும் சேர்ந்து போகும், அது ஒன்றுதான் குறை.

பழைய ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை மட்டும். ஐபோன் 7 முதல் 14 வரை லைட்னிங் துளை. ஆப்பிளின் சொந்த லைட்னிங் அடாப்டரையோ அதன் உரிமம் பெற்றதையோ தவிர வேறு எதையும் தொடாதீர்கள். மலிவு லைட்னிங் இயர்போன்களிலும் அடாப்டர்களிலும் ஒரு மாயாஜாலம் உண்டு. செருகியதும் "புளூடூத்தைப் போடவும்" என்று கேட்கும். ஒயரில் வருவது மின்சாரம் மட்டும், பாட்டு காற்றில் போய் அதே ஒயருக்குள் திரும்பி வருகிறது! முதல் தடவை பார்த்தபோது நம்பவே முடியவில்லை. உரிமச் சில்லுக்குக் காசு கொடுக்காமல் தப்பிக்க யாரோ கண்டுபிடித்த குறுக்குவழி. திறமையைப் பாராட்டலாம், வாங்க வேண்டாம்.

எதை வாங்கினாலும் அது எத்தனை மாதம் உழைக்கும் என்பது நீங்கள் கையாளும் விதத்தைப் பொறுத்தது. சின்ன அடாப்டர்கள் பெரும்பாலும் சாவது ஒரே இடத்தில்தான்: டைப்-சி முனையை விட்டு ஒயர் வெளியே வரும் கழுத்து. போனைத் தலைகீழாகப் பாக்கெட்டில் போட்டு, அதோடு உட்கார்ந்து எழுந்தால் அந்தக் கழுத்து மடங்கி மடங்கி, ஒரு நாள் இடது காது போகும். ஒயரைக் கொஞ்சம் திருகிப் பிடித்தால் வரும், விட்டால் போகும். என் முதல் நல்ல அடாப்டர் ஒன்பதே மாதத்தில் இப்படித்தான் போனது. ஒயரே இல்லாமல் கட்டைபோல நேராக நீட்டிக்கொண்டிருக்கும் வகை இதைவிட ஆபத்து. அது உடையாது, இழுபடும்போது போனின் துளையை ஆட்டிவிடும். அடாப்டர் போனால் ஆயிரம் ரூபாய். துளை போனால் சார்ஜும் போச்சு.

இரண்டாவது அடாப்டரிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். அடாப்டரை ஹெட்போனிலிருந்து கழற்றுவதே இல்லை. ஹெட்போனின் நீட்சிதான் அது. கழற்றுவதெல்லாம் போன் பக்கம் மட்டும். தொலைவதும் நின்றது. போனிலேயே மாட்டி வைத்தால் பாட்டு ஓடாதபோதும் சில்லு கொஞ்சம் கொஞ்சமாக பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும், அதுவும் இல்லை. செருகினால் ஆடுகிறது, அடிக்கடி அறுகிறது என்றால் அடாப்டரைக் குறை சொல்வதற்கு முன் போனை அணைத்துவிட்டு மரத்தால் ஆன பல்குச்சியால் துளைக்குள் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். பாக்கெட்டின் பஞ்சு உருண்டையாக வெளியே வரும். ஊசி வேண்டாம்.

இப்போது என் மேசையில் இருப்பது, டாக் உள்ள சின்ன அடாப்டர் ஒன்று 38 ஓம் ஹெட்போனோடு ஒட்டிக்கொண்டு, புளூடூத் ரிசீவர் ஒன்று நடைப்பயிற்சிக்கு. பெரிய டாங்கிள் வாங்கவில்லை. 300 ஓம் ஹெட்போன் வாங்கும் நாள் வந்தால் பார்க்கலாம்.

அம்மாவுக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் செல்லவில்லை. அம்மா கேட்பது எஃப்.எம். காலையில் இட்லி ஊற்றும்போது தொடங்கி மத்தியானம் வரை. போன்களில் எஃப்.எம். வேலை செய்ய ஒயர் இயர்போனே ஆன்டெனா. ஜாக்கில் செருகிய அந்த ஒயர்தான் காற்றிலிருந்து அலையைப் பிடித்துக் கொடுக்கிறது. டாக் அடாப்டர் வழியாகப் போவது எண்கள் மட்டும் என்பதால் அந்த ஆன்டெனா பாதை அறுந்துவிடுகிறது. இயர்போன் மாட்டியிருக்கும், செயலி "இயர்போனை மாட்டவும்" என்று சொல்லிக்கொண்டேயிருக்கும். புளூடூத் ரிசீவரிலும் இதே கதை. 2023-இல் போன்களில் எஃப்.எம்.மை முடக்காதீர்கள் என்று மத்திய அரசு தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது, புயல் வெள்ள நேரத்தில் நெட் போனாலும் செய்தி கேட்கலாமே என்று. ஜாக்கே இல்லாத போனில் அதை எப்படிக் கேட்பது என்பது தனிக் கேள்வி.

செயலி வழியாக நெட்டில் வானொலி கேட்கலாமே என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அதுக்கு டேட்டா போகும்டா" என்றார். நியாயம்தான். போன மாதம் அவருடைய போன் மாற்ற வேண்டி வந்தபோது, கடையில் கேமராவைப் பற்றி விற்பனைப் பையன் பேசிக்கொண்டிருக்க, அம்மா போனைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். "ஓட்டை இருக்கு, இதையே போடுப்பா" என்றார்.